மயிலுக்கு மெடிக்கல் கேட்பதில்லை

“...அவருக்கென்ன, தம்பி, சொந்தமா மயில் வச்சிருக்கிறார். ஏறுறதுக்கு முதல் ஒருத்தரும் நாடி பாக்கிறேல்ல, இறங்கினாப் பிறகு ஊர் பேர் கேக்கிறேல்ல. எங்கட கரைச்சல் அவருக்கு எங்க விளங்கப் போகுது?”

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் ரோட்டில், கடுகண்ணாவை ஏற்றத்தில், பாதிக்கு மேல், ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, என் காரில் வழக்கமாக வருகிற சேர் இப்படிச் சொன்னார். அவர் சொன்னது முருகக் கடவுளைப் பற்றி. குரலில் கோபம் இல்லை. கல்யாணத்துக்கு வராமல் போன சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் பேச்சுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால், பேசி முடித்ததும் அவர் செய்தது யாருக்கும் விளங்காது. ஆகவே கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

நான் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஹயர் கார், அதாவது வாடகைக் கார், ஓட்டியவன். பிறந்தது ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம், ஹயர் வராத நேரத்தில் ஸ்டியரிங்கில் விரித்து வைத்த பேப்பரும், ஹயர் வந்த நேரத்தில் பின் சீட்டிலிருந்து காதில் விழுந்த பேச்சும்தான். பேப்பரில் படித்ததில் பாதி மறந்துபோய்விட்டது. பின் சீட்டுப் பேச்சு ஒன்றுகூட மறக்கவில்லை.

சேர் மட்டும் பின் சீட்டில் ஏறமாட்டார். எப்போதும் முன்னால், என் பக்கத்தில்தான். யாழ்ப்பாணத்து மனிதர், பருத்தித்துறை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிப்பித்தார். எந்த மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எந்த மண் விட்டுவிடும் என்று பெரிய பெரிய புத்தகமெல்லாம் வைத்திருந்தார். எங்கள் ஸ்டாண்டில் அவருக்கு ‘மண்ணு சேர்’ என்று பெயர். ஆனால் மண்ணு சேருக்கு இருந்த ஆசை முழுவதும் வானத்தில். சீமையில் படித்த காலத்தில் சின்ன விமானம் ஓட்டப் பழகியிருக்கிறார். ஊருக்கு வந்த பிறகும் அந்த லைசன்சை விடவில்லை. இரத்மலானையில் ஒரு கிளப்பில் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிறு, கை கொஞ்சம் வசதியான மாதத்தில் இரண்டு ஞாயிறு, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போய் வருவார். காசுக்கு இல்லை, வேலைக்கு இல்லை. சும்மா. சிலர் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறார்களே, அது மாதிரி.

வேடிக்கை என்னவென்றால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

“என்னாங்க சேர், ஆகாசத்துல ஓட்டுறீங்க, ரோட்டுல ஓட்டமாட்டேங்கிறீங்க,” என்று கேட்டால், “மேல எதிரில ஒருத்தரும் வாறேல்ல, தம்பி. இஞ்ச பாரும், மாடும் வருது, மந்திரியும் வாறார்,” என்பார்.

ஒருமுறை இறங்கி வந்ததும் காருக்குள் ஏறாமல் வெளியே நின்றபடியே சொன்னார்: “இண்டைக்கு உம்மட ஹுன்னஸ்கிரியப் பக்கம் போனனான். தோட்டம் எப்பிடி இருக்கு தெரியுமோ? எண்ணெய் வச்சுச் சீவி, வகிடு எடுத்த தலை மாதிரி. இவ்வளவு வடிவா ஆர் சீவினது எண்டு யோசிச்சன்.”

“எங்க அம்மாவும் பெரியம்மாவுந்தாங்க சேர்,” என்றேன்.

“அடுத்தமுறை நீரும் ஏறும். உம்மட லயத்து வீடுகளுக்கு மேலால ஒரு சுத்துச் சுத்திக் காட்டுறன்.”

அடுத்தமுறை ஏறுகிறேன் என்றேன். வீட்டில் பிள்ளை பிறக்கிற நேரம், மனைவிக்குப் பயம். அதற்கு அடுத்தமுறை மழை. அப்படியே அது போய்விட்டது. சேரும் மனைவியும் இந்த நாட்டை விட்டுப் போய்க் கனகாலம். நான் மண்ணை விட்டு ஒரு முழம்கூட மேலே போகாமலே கிழவனாகிவிட்டேன். தோட்டத்தைச் சீவின தலையாகப் பார்த்திருக்கலாம். கூந்தலுக்குள் ஓடும் பேன் மாதிரித்தான் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப் பறக்கிறவர்களுக்கு ஒரு மெடிக்கல் உண்டு. குறித்த காலத்துக்கு ஒருதரம் கொழும்பில் அதற்கென்று இருக்கிற டாக்டரிடம் போய், கண், காது, இரத்தம், சிறுநீர், நெஞ்சு எல்லாம் காட்டிப் பாஸாக வேண்டும். முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிற பைலட்டுக்கும், ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிற மண்ணு சேருக்கும் ஏறக்குறைய ஒரே கெடுபிடிதான். அதுவரை சேருக்கு அதில் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. ஆனால் அந்த வருடம் பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கட்டுகஸ்தோட்டை ரோட்டில் இருந்த டாக்டர் சொல்லிவிட்டார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தமிழாட்களில் யாருக்குத்தான் பிரஷர் கூடவில்லை? சேருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். வேறு எந்த நாட்டுப் பைலட்டும் செய்திருக்கமாட்டான். கந்தசஷ்டி விரதம் பிடித்தார்.

வருடா வருடம் அந்த விரதம் பிடிப்பது அவருடைய மனைவி. நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். சேர் அதுவரை விரத நாளில் ஒளித்து வடை தின்கிற ஆள். மெடிக்கலுக்குக் கொடுத்த திகதி சூரன்போர் நாளிலே, அதாவது விரதத்தின் ஆறாவது நாளிலே வந்து விழுந்திருந்தது. அதை அவர் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று விடிய வீட்டு வாசலில் நான் காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

“விரதம் மனம் அடங்கிறதுக்கு இருக்கிறது. நீங்கள் சோதினை பாஸ் பண்ண இருக்கிறியள். நாளை மாத்திக் கேளுங்கோவன்.”

“முருகன் தந்த நாளை நான் மாத்திறதோ?”

“முருகன் தரேல்ல. கொழும்பில கிளார்க் தந்தவர்.”

சேர் கேட்கவில்லை. ஐந்து நாளும் பின்னேரத்தில் பாலும் பழமும் மட்டும். ஆறாம் நாள் அதுவும் இல்லை. மாவனல்லையில் நான் காரை நிறுத்தி, “ஒரு வாழப்பழமாச்சும் சாப்புடுங்க சேர், சாமி ஒண்ணும் கோச்சுக்காது,” என்று சொல்லிப் பார்த்தேன். “பின்னேரம் சூரன் விழட்டும்,” என்றார்.

சூரன் விழுவதற்கு முன்னால் சேர் விழுந்துவிட்டார். இரத்தம் எடுக்க ஊசியைக் குத்தினார்களாம். அவ்வளவுதான். கண்ணைத் திறந்து பார்த்தபோது டாக்டருடைய மின்விசிறி தெரிந்ததாம்.

அந்த டாக்டர் வயதான மனிதர், நல்லவர். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். சேர் ஒளிக்காமல் விரதத்தைச் சொல்லியிருக்கிறார். டாக்டரும் நம்பியிருக்கிறார். நம்பி என்ன? “நீங்கள் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் நினைவு தப்பியது என்பதும் உண்மை. நான் அதை எழுதாமல் விடமுடியாது,” என்றாராம். எழுதிவிட்டார்.

அதோடு பிடித்தது சனி. காரணமில்லாமல் நினைவு தப்பிய ஆளுக்கு லைசன்ஸ் கிடையாது. காரணம் பட்டினிதான் என்று நிரூபிக்க வேண்டியது சேருடைய பொறுப்பு. தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நெஞ்சைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று வந்தால் விடவேண்டியதுதானே? ஒன்றுமில்லாமல் ஏன் விழுந்தார் என்று இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அந்த முதல் நாள் திரும்பி வரும்போதுதான் முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்தார். பொழுது பட்டு, விரதம் முடிகிற நேரம். கடுகண்ணாவையில் நாங்கள் வழக்கமாக நிற்கிற கடை. முதலாளி இரண்டு பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். சேர் தேத்தண்ணி இல்லாமல் உயிர் வாழாத பேர்வழி. விரிவுரைக்கே பிளாஸ்க்கோடு போகிறவர். கிளாசை எடுத்தார், மணந்து பார்த்தார், திருப்பி வைத்துவிட்டார்.

“நான் திரும்ப மேல போய் இறங்கிற அண்டைக்குத்தான் இனித் தேத்தண்ணி. முருகன் கேக்கட்டும்.”

“சேர், எங்க ஜனம் பறிச்ச கொழுந்துங்க. அது என்னாங்க பாவம் பண்ணுச்சு? வேற எதையாச்சும் விடுங்க. பாவக்காய விடுங்க.”

“பிடிக்காததை விட்டா அவருக்கு விளங்காது, தம்பி.”

அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்குத் தேத்தண்ணி, சேருக்குச் சுடுதண்ணி. சிங்கள முதலாளி எங்கள் காரைக் கண்டதுமே உள்ளே பார்த்து, “மஹத்தயாவுக்கு உணு வத்துர,” என்று சிங்களத்தில் சுடுதண்ணிக்குச் சத்தம் வைப்பார். வருடக் கணக்கில் அப்படி. மனுஷன் சுடுதண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் கிளாசையே பார்ப்பார். திரும்பி உட்கார்ந்து குடிக்கப் பழகிக்கொண்டேன்.

இந்தக் கதையை எங்கள் ஸ்டாண்டில் அலசாத நாள் இல்லை. எங்களுக்கும் மெடிக்கல் உண்டல்லவா. எனக்கு எப்படி நடந்தது என்றால், டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், ஜன்னலால் போன பஸ்ஸின் நம்பரை வாசிக்கச் சொன்னார், கையெழுத்து வைத்தார். எங்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “மேல போறவருக்கு மயக்கம் வந்தா அவரு ஒருத்தர். எனக்குக் கடுகண்ணாவையில மயக்கம் வந்தா ஒரு கல்யாண வீடே போயிரும். அவருக்கு ஆயிரம் கேள்வி, எனக்கு நாக்கு மட்டுமாய்யா?”

அதற்கு இன்னொருவர், கறுவல் என்று கூப்பிடுவோம், வாயிலிருந்த பீடியை எடுக்காமலே கேட்டார்: “அவரு விழுந்தா அங்கயே நிப்பாரா? நம்ம தலையிலதானே விழணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். சேரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தாள் கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான் வேணும்,” என்றார். கிளப்பில் அவருக்கு ஒரு சிங்களச் சிநேகிதர் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கொழும்பு அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கை எழுதினார்கள். தன் சந்தோஷத்துக்கு மட்டும் பறக்கிறவர், பகலில், நல்ல வானத்தில், சின்ன விமானத்தில், ஊர்களுக்கு மேலால் போகாமல், காசுக்கு ஆள் ஏற்றாமல் பறப்பதென்றால், அவருடைய உடம்பை அறிந்த சொந்த டாக்டரின் கையெழுத்தே போதும் என்று விடுங்கள். அதுதான் கேட்டது. ‘ஊர்களுக்கு மேலால் போகாமல்’ என்பது கறுவலுக்காகப் போட்டது என்று சேர் சொன்னார். கறுவலுக்கு அதில் பெரிய பெருமை. அரசாங்கம் தன்னைக் கேட்டுத்தான் சட்டம் போடுகிறது என்று கொஞ்ச நாள் திரிந்தார்.

அன்றைக்கும் இன்றைக்கும் என் எண்ணம் அந்தக் கோரிக்கையின் பக்கம்தான். ஒருவனுடைய உடம்பை வருடத்துக்கு ஒருதரம் பார்க்கிற பெரிய டாக்டரைவிட, அவனுக்கு எப்போது சளியும் தடிமனும் வரும், எதற்குப் பயப்படுவான் என்று தெரிந்த சின்ன டாக்டருக்கு அதிகம் விளங்கும். பயந்தவன் பொய் சொல்வான், இல்லாவிட்டால் எங்கள் சேரைப்போல விரதம் பிடிப்பான். கெடுபிடி கூடினால் உடம்பு நல்லாகிவிடுமா என்ன?

கடுதாசி மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. அதற்கிடையில் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் வந்துவிட்டது.

கண்டியில் கடைகள் எரிந்த அன்றைக்கு நான் பிள்ளைகளோடு மடவளையில் இருந்தேன். கட்டுகஸ்தோட்டை ரோட்டு டாக்டர் மடவளைக்காரர், முஸ்லிம். அவருடைய வீட்டுப் பின்கொட்டிலில்தான் என் காரைச் சாக்குகளால் மூடி வைத்திருந்தோம். சேரும் அம்மாவும் பேராதனையில் ஒரு சிங்களப் பேராசிரியர் வீட்டு அறையில். பிறகு பார்த்தபோது அம்மா, “வெளிநாட்டில இருக்கிற என்ர அண்ணர் எங்களை அங்க வரச் சொல்லிக் கேக்கிறார், தம்பி. இவர் அந்தக் கடுதாசி வரட்டும் எண்டு நிக்கிறார்,” என்றார். சேர் அதைக் கேட்டும் கேளாதவர்போல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடுதாசி வந்தது. அதுதான் ஆச்சரியம். அடுத்த வருடம், யாருமே எதிர்பார்க்காத நேரத்தில், கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார்கள். சொந்த டாக்டரின் கையெழுத்துப் போதும்.

சேரை நேரே கட்டுகஸ்தோட்டை ரோட்டுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார்.

“இண்டைக்கு நோன்பு ஏதும் ஈக்கா?” என்று முதலில் கேட்டார்.

“இல்ல டொக்டர். காலம இடியப்பம் சாப்பிட்டனான்.”

“எத்தின?”

“பன்ரெண்டு.”

“அப்ப மயக்கம் வராது. பாரம் கூடினத்தால பிளேன் கெளம்புமா எண்டதுதான் பயம்.” சிரித்துக்கொண்டே பிரஷர் பார்த்தார், கண் பார்த்தார், சும்மா இல்லை, வடிவாகத்தான் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார். “எங்கட ஆக்களும் நோன்பு மாசத்துல மயங்கி வுழுறாங்கதான். அதுக்காக அவங்கட லொறி லைசன்ஸ யாரும் புடுங்கல்ல. நான் எப்பவோ போட்டிருக்க வேண்டிய கையெழுத்து இது, சேர்.”

அந்த ஞாயிறு இரத்மலானைக்குப் போனோம். வழி நெடுக ராணுவத்தினர் மறித்து மறித்துப் பார்த்தார்கள். சேர் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, சிரித்து, அடையாள அட்டையைக் காட்டி ஏறினார். போகும்போது கடுகண்ணாவையில் நிற்கவில்லை. “வரேக்க நிப்பம்,” என்றார். எதற்கு என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு முதலாளியிடம் நானே தூள் கொடுத்து ஒரு நல்ல தேத்தண்ணி போடச் சொல்ல வேண்டும் என்று, தோட்டத்திலிருந்து வந்த தூளில் ஒரு பொட்டலம் டாஷ்போர்ட்டுக்குள் வைத்திருந்தேன்.

விமான நிலையக் கேட்டில் முன்பு ஒரு வயதான காவல்காரர் இருப்பார். இப்போது துவக்கோடு ராணுவத்தினர். என்னை உள்ளே விடவில்லை. சேர் மட்டும் போனார். நான் வெளியே காருக்குள் இருந்து, மேலே ஏதாவது கிளம்புகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிளம்பவில்லை. பிறகு சேரும் அந்தச் சிங்களச் சிநேகிதரும் நடந்து வந்தார்கள். சிநேகிதர் சேருடைய தோளில் கை போட்டிருந்தார். எப்போதும் என்னைக் கண்டால் வாய் நிறையப் பேசுகிறவர், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

சேர் முன்னால் ஏறினார். நான் காரைத் திருப்பினேன்.

கடுகண்ணாவையில் வழக்கம்போல நிறுத்தினேன். பொட்டலத்தை எடுக்கவில்லை. முதலாளிக்கு எங்கள் முகம் தெரியாதா, வழக்கமான சத்தம்கூட வைக்காமல், சேருக்குச் சுடுதண்ணியும் எனக்குப் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் சேர் வாய் திறந்தார்.

“டொக்டற்ற கடுதாசியை அவை விரிச்சும் பாக்கேல்ல, தம்பி. அது சரியாம். உடம்பைப் பற்றி இனி ஒரு பிரச்சினையும் இல்லையாம். இப்ப வேற ஒரு அனுமதி வேணுமாம், பாதுகாப்புப் பக்கத்தால. என்ர பேர், நான் பிறந்த ஊர், அப்பா பிறந்த ஊர். பருத்தித்துறை எண்டு சொன்னன். எழுதிக்கொண்டிருந்த பொடியன் பேனையை வச்சிட்டான்.”

“எழுதிக் குடுத்தா கெடைக்குங்களா சேர்?”

“சிநேகிதன் காதுக்குள்ள சொன்னான், எழுதிக் குடுக்காதை எண்டு. பிளேன் ஓட்டத் தெரிஞ்ச பருத்தித்துறையான் ஒருத்தன் இருக்கிறான் எண்டு ஒரு பைலில பேர் ஏறினா, பிறகு அது இறங்காதாம். எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னவன். சொல்லேக்க அழுதிட்டான், பாவம்.”

இத்தனை வருடம் ஒரு மனிதனின் இரத்தத்தையும் நெஞ்சையும் தலையையும் சோதித்துவிட்டு, கடைசியில் அவை எல்லாம் நல்லது என்று தெரிந்த பிறகு, உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளைப் பேருக்கும் ஊருக்கும் மாற்றிவிட்டார்கள். பிரஷருக்குக் குளிசை உண்டு. பிறந்த ஊருக்கு எந்த டாக்டரிடம் போவது?

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, “முருகன் பாத்துக்குவாருங்க சேர். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்,” என்றேன்.

கீழே வளைவில் ஒரு லொறி கியர் மாற்றி ஏறிக்கொண்டிருந்தது. அது எங்களைக் கடந்து போகும் வரை பொறுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் மயிலைப் பற்றிச் சொன்னார். ஏறுவதற்கு முன் நாடி பார்ப்பதில்லை, இறங்கிய பின் பேர் கேட்பதில்லை, எங்கள் கரைச்சல் அவருக்கு எங்கே விளங்கப் போகிறது என்று.

சொல்லி முடித்துவிட்டு, தனக்கு முன்னால் இருந்த சுடுதண்ணிக் கிளாசை மேசையின் அந்தக் கரைக்குத் தள்ளி வைத்தார். கையை நீட்டி என் தேத்தண்ணியை எடுத்தார். கருப்பட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு, அவசரப்படாமல், அடிமண்டி தெரியும் வரை குடித்தார். பிறகு வெறுங் கிளாசை உயர்த்தி முதலாளிக்குக் காட்டி, இரண்டு என்று விரல் காட்டினார்.